கோட்டையை அரிக்கும் எதிரி

பீரங்கிக்கு அஞ்சாத கோட்டைச் சுவரை, நாம் சோற்றில் போடும் உப்பு உதிர்த்துவிடும் என்றால் நம்புவீர்களா?

காவிரிப் படுகை கடலைத் தொடும் தரங்கம்பாடியில் நிற்கிறது டேன்ஸ்பர்க் கோட்டை. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, 1620இல் டென்மார்க்காரர்கள் இதைக் கட்டத் தொடங்கினார்கள். வந்தது மிளகு வாங்கத்தான். ஆனால் சரக்கையும் காக்க வேண்டுமே! அதனால் அகழி வெட்டினார்கள். தூக்குப் பாலம் போட்டார்கள். மதில்மேல் பீரங்கிகளை நிறுத்தினார்கள். 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். இப்போது அகழி தூர்ந்துவிட்டது. கோட்டை, தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது.

உள்ளே போனால், கீழ்த்தளத்தில் அண்ணாந்து பாருங்கள். கூரை வில்லாக வளைந்திருக்கும். செங்கல்லை அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். தட்டையான கூரையில் பாரம் ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும். வளைவில் அப்படியில்லை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்த, பாரம் சுவர் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். வளைவு பக்கவாட்டிலும் தள்ளுவதால்தான் சுவர்கள் அவ்வளவு தடிமன்.

சரி, உப்பு எங்கே வந்தது? கடற்காற்றில் உப்புத் துளிகள் மிதந்து வருகின்றன. செங்கல்லின் நுண்துளைகளுக்குள் அவை புகுகின்றன. வெயிலில் நீர் ஆவியாகிறது. உப்பு படிகமாக வளர்கிறது. படிகம் பெரிதாகப் பெரிதாகத் துளையின் சுவரை நெருக்கி உடைக்கிறது. செங்கல் பொடிப்பொடியாக உதிர்கிறது.

இதற்குச் சுண்ணாம்புப் பூச்சு நல்ல காவல். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அது மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். இறுகிய பிறகும் ஈரம் வெளியேற வழிவிடும். அதனால் உப்பு பெரும்பாலும் பூச்சிலேயே படியும். பூச்சு உதிர்ந்தால் புதிதாகப் பூசிக்கொள்ளலாம், செங்கல் பிழைத்துவிடும். அடர்த்தியான சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பூச்சு பளபளவென்று இருக்க, பின்னால் செங்கல் அரிபடும்.

செய்து பாருங்கள்: ஒரு தட்டில் உப்புக் கரைசலை ஊற்றி, அதில் செங்கல் துண்டு ஒன்றை நிறுத்துங்கள். கரைசல் துளைகள் வழியே தானாக மேலேறும். சில நாளில் நீருக்கு மேலுள்ள பகுதியில் வெள்ளை பூக்கும். அதை நகத்தால் சுரண்டி, உருப்பெருக்கியில் பாருங்கள். அடுத்து, இதே சோதனையை வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என்று வைத்தால் எதில் முதலில் பூக்கும்? ஏன்?