வேளாண் மானியமும் நிலப் பராமரிப்பும்: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கென வழங்கப்பட்ட வேளாண் மானியங்கள், மண், நீர், மரம் ஆகியவற்றைப் பேணும் நோக்கிற்குத் திருப்பப்படுவது இன்று உலகெங்கும் காணப்படும் கொள்கை மாற்றமாகும். இம்மாற்றம் தமிழ்நாட்டில் எவ்வடிவில் நிகழ்கிறது என்பதை, ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. முற்காலத்து ஏரிப்பட்டி, பராமரிப்பு உழைப்பிற்கு ஊதியமாக அமைந்தது. இன்றைய திட்டங்களோ பெரும்பாலும் பராமரிப்பிற்கான பொருள்களையே வழங்குகின்றன. இவ்வேறுபாடே மாற்றத்தின் பயனைத் தீர்மானிக்கும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மானியம், ஏரிப்பட்டி, குடிமராமத்து, நிலப் பராமரிப்பு, திருத்தணி, இயற்கை வேளாண்மை.

முன்னுரை

‘மானியம்’ என்னும் சொல் இன்று அரசு அளிக்கும் பொருளுதவியைக் குறிக்கிறது. முற்காலத்தில் அது இறையிலியாக விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. கோயிற்பணி, ஊர்ப்பணி, நீர்நிலைக் காவல் ஆகியவற்றைச் செய்வோர் அந்நிலத்தின் விளைவை நுகர்ந்தனர். பணி நின்றால் உரிமையும் நிற்கும் என்பதே ஊழிய மானியத்தின் அடிப்படை. இன்றைய மானியமோ உழவர் பயன்படுத்தும் உரம், மின்சாரம், விதை ஆகியவற்றின் விலையைக் குறைப்பது. ஒரே சொல்லின் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலான தொலைவு, வேளாண் கொள்கையின் வரலாற்றை விளக்கப் பெரிதும் உதவுகிறது.

திருத்தணி இதற்குப் பொருத்தமான களமாகும். கார்வேட்டிநகர ஜமீனிலும், பின்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும் இருந்த இவ்வூர், எல்லை மாற்றச் சட்டத்தின்வழி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. குன்றுகள், ஏரிகள், மானாவாரிப் புன்செய், கிணற்றுப் பாசன நன்செய் ஆகியன அருகருகே அமைந்த நிலப்பகுதி இது. ஒரே தன்மையுடைய நிலம் எல்லைக்கு இருபுறமும் இரு மாநிலங்களின் வேளாண் கொள்கைகளுக்கு உட்பட்டிருப்பது ஒப்பீட்டிற்கு இடந்தருகிறது.

ஏரிப்பட்டியும் குடிமராமத்தும்

தொண்டை மண்டலம் ஏரிப் பாசன நாடு. ஏரியின் கரையை உயர்த்தவும், தூர் வாரவும், மதகைச் செப்பனிடவும் ஊரார் நிலம் விட்டனர். அதுவே ஏரிப்பட்டி எனப்பட்டது. ஆந்திரப் பகுதிகளில் இதனையொத்த ஏற்பாடு தசபந்தம் எனப்பட்டது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தை ஊராட்சியின் உறுப்பாகக் காட்டுகின்றன. பொதுநலம் பேணும் உழைப்பிற்கு நிலையான வருவாயும், அதனை மேற்பார்க்க ஓர் அவையும் இருந்தன என்பதே இவற்றால் பெறப்படும் செய்தி.

காலனிய ஆட்சியில் இப்பிணைப்புத் தளர்ந்தது. 1858-இல் பணியைத் தொடங்கிய இனாம் ஆணையம் மானிய நிலங்களை ஆய்ந்து, பலவற்றைப் பணவரிக்கு உட்பட்ட தனியுடைமையாக மாற்றியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், நீர்நிலைகளைக் காக்க ஊரார் உழைப்பதைக் கடமையாக்கியது. ஊதியம் பெற்ற பணி இவ்வாறு ஊதியமற்ற கடமையாகத் திரிந்தது. ‘குடிமராமத்து’ என்னும் சொல் இக்கட்டாயத்தின் நிழலையும் தாங்கியே நிற்கிறது. 2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீட்டெடுத்தபோதும், பணி மதிப்பில் பத்தில் ஒரு பங்கை உழவர்கள் ஏற்க வேண்டும் என்றே வகுத்தது. ஏரிப்பட்டி, பேணுவோருக்கு ஆண்டுதோறும் கொடுத்தது. புதிய திட்டம் அவர்களிடமிருந்து பங்கு கேட்டது.

உற்பத்தி மானியத்தின் விளைவுகள்

பசுமைப் புரட்சிக்குப் பின்னர் மானியத்தின் இலக்கு விளைச்சலாயிற்று. பஞ்சத்தின் நினைவு மாறாத நாட்டில் அது தவிர்க்க இயலாத தேவையாக இருந்தது. 1977-இல் உர விலைக் கட்டுப்பாட்டிற்கான ஈட்டுமுறை வந்தது. 1990 முதல் தமிழ்நாட்டில் வேளாண் பம்பு செட்டுகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. இவை சிறு உழவரின் செலவைக் குறைத்தன. உணவுத் தன்னிறைவிற்கும் துணைநின்றன.

ஆயினும், ஒவ்வொரு மானியமும் நிலத்தின் பயன்பாட்டை ஒரு பக்கமாகச் சாய்த்தது. நீரை இறைக்கும் செலவு இல்லாதபோது ஆழ்துளைக் கிணறு ஏரியினும் நம்பத்தக்கதாயிற்று. ஏரியைப் பேணும் ஊக்கம் குறைந்தது. 2010-இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான உர மானியம் வந்தபோது யூரியா அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. அதன் விலை தாழ்ந்தே இருந்தமையால் தழைச்சத்தின் பயன்பாடு பிற சத்துகளை விஞ்சியது. திருத்தணி வட்டத்தில் நெல்லுக்கு அரசுக் கொள்முதலும், கரும்புக்குத் திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. மானாவாரி நிலக்கடலையோ வெளிச்சந்தையைப் பெரிதும் சார்ந்தது. எனவே நீர் மிகுதியாகக் கொள்ளும் பயிரைத் தேர்தல் உழவரின் அறியாமையன்று. கொள்கை காட்டிய வழியில் அவர் செய்த கணக்கே ஆகும்.

புதிய திட்டங்களின் இயல்பு

அண்மைத் திட்டங்கள் வேறு திசையைக் காட்டுகின்றன. தமிழ்நாட்டில் 2021-இல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை தொடங்கியது. விளைநிலங்களில் மரம் வளர்க்க நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் கன்றுகளை வழங்கியது. 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிடப்பட்டது. 2024-25-இல் ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் 22 கூறுகளுடன் 206 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. நுண்ணீர்ப் பாசனத்திற்குச் சிறு, குறு உழவர் முழு மானியமும், ஏனையோர் 75 விழுக்காடும் பெறுகின்றனர். ஒன்றிய அரசின் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம் 2,481 கோடி ரூபாயில் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது.

இவற்றில் இரு பண்புகள் புலப்படுகின்றன. முதலாவது, புதியவை பழையவற்றை அகற்றவில்லை, அவற்றின்மேல் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரே உழவர் பசுந்தாள் உர விதையையும் விலை தாழ்ந்த யூரியாவையும் பெறுகிறார். இரண்டாவது, உதவி பெரும்பாலும் விதை, கன்று, கருவி, உயிர் உரம் என்னும் பொருள்களாகவே அமைகிறது. 2015-இல் தொடங்கிய பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டத்திலும், மூன்றாண்டுகளுக்கு எக்டருக்கு 50,000 ரூபாய் என வகுக்கப்பட்டபோது, 31,000 ரூபாய் இடுபொருள்களுக்கே ஒதுக்கப்பட்டது. கன்று இலவசம்; அதற்கு மூன்று கோடை நீரூற்றும் உழைப்பிற்கு முழு மதிப்பில்லை. பசுந்தாள் பயிரை மடக்கி உழும் பருவத்தில் இழக்கும் வருவாய்க்கும் ஈடில்லை.

எல்லைக்கு அப்பால் ஆந்திரம் 2016 முதல் சமுதாய அடிப்படையிலான இயற்கை வேளாண்மையை முன்னெடுத்துள்ளது. அதன் அச்சு இடுபொருளன்று. தம் வயலில் இம்முறையைக் கையாண்ட உழவரே பயிற்றுநராகி, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வழியாகப் பிறரை வழிநடத்துவதாகும். அறிவைப் பரப்பும் உழைப்பிற்கு அங்கு ஊதியம் உண்டு. 2019-இல் அம்மாநிலம் கொணர்ந்த ரைது பரோசா உதவி, நிலமற்ற குத்தகையாளரில் பட்டியல், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைப் பிரிவினரையும் உள்ளடக்கியது. ஒன்றிய அரசின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவியோ நிலவுடைமையாளர் குடும்பத்திற்கே உரியது. நிலத்தை உண்மையில் பேணுபவர் குத்தகையாளராக இருக்கையில், பட்டாவைப் பின்தொடரும் பணம் பராமரிப்பைச் சென்றடையாது.

உலக அனுபவம்

இங்கிலாந்தின் 2020 வேளாண் சட்டம், பரப்பளவிற்கேற்ற உதவியைப் படிப்படியாக நீக்கி, ‘பொதுநன்மைக்குப் பொதுப்பணம்’ என்னும் கொள்கையை ஏற்றது. எனினும் 2025 மார்ச்சில் அங்குள்ள நீடித்த வேளாண்மை ஊக்கத் திட்டம் புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. பழைய உதவி சுருங்கிவந்த வேளையில் புதியதன் வாயில் அடைபட்டது. இலங்கையில் 2021-இல் வேதி உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் சரிந்து, அதே ஆண்டிலேயே தடை தளர்த்தப்பட்டது. மாற்றத்தின் இழப்பை உழவர் தலையில் மட்டும் ஏற்றினால் மாற்றமே தோற்கும் என்பதை இவை உணர்த்துகின்றன. உலக வர்த்தக அமைப்பின் வேளாண் உடன்படிக்கையும், சுற்றுச்சூழல் திட்டங்களில் கூடுதல் செலவு அல்லது வருவாய் இழப்பின் அளவிற்கு உதவி வழங்க இடமளிக்கிறது. இவ்வாய்ப்பை இந்தியத் திட்டங்கள் இன்னும் முழுமையாகக் கையாளவில்லை.

முடிவுரை

நிலத்தைப் பேணுவோருக்குப் பொதுவளத்திலிருந்து ஊதியம் அளித்தல் தமிழ் மண்ணிற்கு அயலான கருத்தன்று. ஏரிப்பட்டி அதன் பழைய வடிவம். ஏரிப்பட்டி நிலவிய சமூகம் சமத்துவமுடையதன்று. வாரியத்தில் இடம்பெறச் சொத்தும் கல்வியும் தகுதிகளாக இருந்தன. ஆதலின் அதனை அப்படியே மீட்டல் இயலாது, வேண்டுவதுமன்று. அதிலிருந்து கொள்ளத்தக்கவை மூன்று: உதவி செய்த பணிக்கு ஈடாதல், ஆண்டுதோறும் நிலைத்தல், ஊரவையின் மேற்பார்வைக்கு உட்படல். இவற்றோடு குத்தகையாளரையும் சேர்த்துக்கொண்டு, கரை காத்தல், மரம் நிலைநிறுத்தல், நீர் குறைந்த பயிருக்கு மாறுதல் ஆகியவற்றுக்கு ஊதியம் வகுப்பின், விளைச்சல் உதவியைப் பறிக்காமலே மாற்றத்தைத் தொடங்கலாம். அந்நிலையில் மானியம் என்னும் சொல் தன் பழம்பொருளின் நற்கூற்றை மீண்டும் பெறும்.