இயங்க வைக்கும் மருத்துவம்

சென்னிமலையில் குழித்தறியின் முன் அமரும் நெசவாளர், மிதிப்பலகையைக் கால்களால் அழுத்தி, உடலை முன்சாய்த்தே பல மணிநேரம் போர்வை நெய்கிறார். திருப்பூரில் பின்னலாடை தைப்பவரும் கழுத்தைத் தாழ்த்தியபடியே நாள் முழுதும் உழைக்கிறார். இடுப்புவலியோ கழுத்துவலியோ இவர்களை அணுகுவதில் வியப்பில்லை. வலிக்கு ஓய்வெடுத்தால் கூலி போய்விடும். ஓய்வெடுக்காவிட்டால் வலி கூடிவிடுமோ என்னும் அச்சம். இவ்விக்கட்டில்தான் இயன்முறை மருத்துவம் துணைவருகிறது.

முதுகெலும்புக் கணுக்களுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. நிற்கும்போது இருப்பதைவிட, முன்சாய்ந்து அமரும்போது இடுப்புப் பகுதி வட்டுகளின்மீது அழுத்தம் மிகுகிறது. நாள்கணக்கில் படுத்திருந்தாலோ முதுகைத் தாங்கும் தசைகள் மேலும் தளர்கின்றன. எனவே, இயன்றவரை நடமாடுவதும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியுமே பெரும்பாலான இடுப்புவலிக்கு இன்று பரிந்துரைக்கப்படுகின்றன. எனினும், வலியோடு கால்கள் வலுவிழந்தாலோ சிறுநீரை அடக்க இயலாது போனாலோ பயிற்சியைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீரிழிவு உடையோரிடம் மிகுதியாகக் காணப்படுவது உறைதோள். தோள்மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குவதால் தலைவாரக்கூடக் கை எழாது. வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காதிருந்தால் இறுக்கம் கூடும். ஒத்தடம் கொடுத்து, வலியின் எல்லையறிந்து, சிறிது சிறிதாகவே அசைவை மீட்க வேண்டும். அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஒரே இழுப்பில் சரிசெய்வதாகக் கூறுவோரிடம் தோளைக் கொடுப்பது அறிவுடைமை ஆகாது. மூட்டுத் தேய்மானத்திற்கும் பொறுமையே வேண்டும். தொடையின் முன்தசை வலுப்பெற்றால் முழங்கால் வலி குறையும்.

பக்கவாதத்தில் பழுது கை கால்களில் இல்லை, மூளையில் உள்ளது. ஓர் அசைவைத் திரும்பத் திரும்பப் பழகும்போது, மூளையின் பாதிப்புறாத பகுதிகள் அச்செயலை ஏற்கப் பயில்கின்றன. இம்மீட்சி முதற்சில மாதங்களிலேயே விரைவாக நிகழும். ஆனால், நடக்க இயலாதவரைச் சிற்றூரிலிருந்து கோவைக்கு நாள்தோறும் வண்டி வைத்து அழைத்துவர எத்தனை குடும்பங்களால் இயலும்? பாதியிலேயே நின்றுபோகும் சிகிச்சைகள் பல. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறை மருத்துவரே இல்லம் தேடி வருகிறார். அவர் வாராத நாள்களில் பயிற்சி அளிக்க வேண்டியவர் வீட்டிலிருக்கும் மகளோ பேரனோதான். ஆதலால், நோயாளியின் கையைப் பிடித்து அசைக்கும் முறையை அவர்களுக்கும் கற்றுத் தருவது அவர் பணியின் ஒரு பகுதியாகிறது.