அடுத்த காரை நம்பலாமா?

பாயான் பாருவிலிருந்து காலையில் பினாங்குப் பாலத்தில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 13.5 கிலோமீட்டர் நீளம். ஏறிய பின் மாற்று வழி கிடையாது. முன்னே எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது. அதை முதலில் கண்டுகொள்ளும் கார், வானொலி அலை வழியே பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்கும். இணையம், கோபுரம் எதுவும் வேண்டாம். வண்டியோடு வண்டி நேராகப் பேசும் இந்த ஏற்பாட்டைத்தான் வாகன வலையமைப்பு என்கிறார்கள்.

ஆனால் எச்சரித்த கார் சில நிமிடங்களில் பிறைப் பக்கம் இறங்கிவிடும். எண்ணெயோ அங்கேயே கிடக்கும். எனவே செய்தியின் நகலைப் பாலத்திலுள்ள மற்ற வண்டிகளிடம் விட்டுச் செல்ல வேண்டும். எந்த வண்டியிடம்?

இதற்கு நம்பிக்கை மதிப்பெண் உதவும். எளிய முறை ஒன்று: ஒரு வண்டி சரியாக நடந்துகொண்ட தடவைகளோடு 1 கூட்டி, மொத்தத் தடவைகளோடு 2 கூட்டி, வகுத்துவிடுங்கள். எட்டு முறையும் சரியென்றால் 9/10, அதாவது 0.9. முன்பின் தெரியாத வண்டிக்கு 1/2. புதியவரைப் பாதி நம்புவது நியாயம்தானே!

இனி கணக்கைப் பாருங்கள். 0.8 மதிப்பெண் உள்ள இரண்டு வண்டிகளிடம் நகல் கொடுத்தால், இரண்டுமே கைவிடும் வாய்ப்பு 0.2 × 0.2 = 0.04. வெறும் 0.5 உள்ள வண்டிகள் என்றால், ஏறக்குறைய அதே பாதுகாப்புக்கு ஐந்து தேவை. ஒவ்வொரு வண்டியும் தன் இருப்பிடத்தையே நொடிக்குப் பத்து முறை வரை அறிவிக்கும் அலைவரிசையில், மூன்று நகல் மிச்சம் என்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்த ஐந்தும் உண்மையில் ஐந்து வண்டிகளாக இருக்க வேண்டும். ஒரே கருவி பல பெயர்களில் நடித்தால் பெருக்கல் பொய்த்துவிடும். இதற்கு 'சிபில் தாக்குதல்' என்று பெயர். ஜான் டூசர் 2002இல் இதை விளக்கினார். 2020இல் பெர்லின் கலைஞர் சைமன் வெக்கர்ட், 99 கைப்பேசிகளைத் தள்ளுவண்டியில் போட்டு இழுத்துச் சென்றார். காலியான தெரு கூகள் வரைபடத்தில் நெரிசலாகச் சிவந்தது.

வண்டிக்கு நிரந்தர அடையாளம் கொடுத்தால் இந்த ஏமாற்று அடங்கும். கூடவே நீங்கள் போகும் இடமெல்லாம் பிறருக்குத் தெரிந்துவிடும். அடிக்கடி மாறும் புனைபெயர் கொடுத்தால், சேர்த்த மதிப்பெண் பழைய பெயரோடு போய்விடும். என் பார்வையில் இதுவே உண்மையான முடிச்சு. குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இத்தகைய புனைபெயர் முறைகளை ஆராய்ந்துள்ளனர்: மற்ற வண்டிகளுக்கு நீங்கள் யாரென்று தெரியாது, பொய் சொன்னால் மட்டும் அதிகார அமைப்பு உண்மைப் பெயரைக் கண்டுபிடிக்கும்.