துலாவும் இயந்திரமும்: தோட்டக்காரரின் கணக்கு

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குத் தொலைபேசியில் பேசும் எம்மவரிடையே அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. "காசனுப்பி வாங்கிக் கொடுத்த மெசின் கொட்டிலில் கிடக்கிறது, இவர்கள் திருந்தமாட்டார்கள்" என்பதே அது. தோட்டக்காரரைப் பழமைவாதி என்று தீர்ப்பளிக்குமுன், நாம் பிறந்த மண்ணின் அனுபவத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நன்று.

வற்றாத ஆறில்லாத வலிகாமத்திற் கிணறே கதி. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் பாத்திக்குத் தண்ணீர் மாற, விடியுமுன் மூவராவது தோட்டத்தில் நிற்கவேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் அவ்வுழைப்பை மிச்சப்படுத்தியது. ஆனால் அதனை வாங்கும் துணிவைத் தந்தது சந்தையே. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விளைபொருள்கள் நல்ல விலைக்குப் போயின. சில பரப்புத் தோட்டம் உடையவரும் கடன்பட்டு இயந்திரம் வாங்கலாம் என்ற நிலை பிறந்தது. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் அந்தப் பாதுகாப்பை அகற்றிவிட்டது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின், எரிபொருளும் இரசாயனப் பசளையும் வடக்கே செல்வது தடுக்கப்பட்டது. இயந்திரங்கள் ஓய்ந்தன, துலாக்கள் மீண்டும் ஆடின. இயக்கத் தெரியாமையால் அன்று, ஊற்ற எண்ணெய் இல்லாமையாலேயே அவை ஓய்ந்தன.

போர் முடிந்த பின்னரும் இக்கணக்கு மாறவில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்படுமுன் விளைச்சல் வீழ்ந்துவிட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தது. வெங்காயத்தின் விலை அவ்வாறு உயரும் என்று எவரும் உத்தரவாதம் தரவில்லை.

சூரியசக்தியில் இறைக்கலாமே என்போம். எண்ணெய்ச் செலவில்லை என்பது உண்மைதான். எனினும் முழு முதலையும் முற்கூட்டியே கொட்டவேண்டும். குத்தகைக் காணியிற் பயிரிடுபவர் அதனை யாருடைய நிலத்தில் நிறுவுவார்?

ஆகவே, இயந்திரத்திற்குப் பணம் அனுப்பும் நாம், அதனை ஓட்டும் செலவையும், விளைந்ததை விற்கும் வழியையும், ஒரு போகம் பிழைத்தாற் கைகொடுக்கும் முதலையும் சேர்த்தே எண்ணவேண்டும். "ஏன் ஓட்டவில்லை?" என்று கேட்குமுன், "ஓட்டினாற் கட்டுமா?" என்று கேட்போம்.