சராசரிகளின் சராசரி சரியா?

சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிந்ததும், ஒன்பதாம் வகுப்பில் கணிதச் சராசரிக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்பு நடத்தத் திட்டமிட்டோம். தமிழ்வழிப் பிரிவில் 40 பேர், சராசரி 60. ஆங்கிலவழிப் பிரிவில் 10 பேர், சராசரி 40. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, 50 என்று எழுதிப் பட்டியலை ஒட்டிவிட்டேன்.

"சார், நான் 54. எனக்குக் கிளாஸ் கிடையாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தேன். மொத்த மதிப்பெண் 2400 + 400 = 2800. மாணவர்கள் 50 பேர். சராசரி 56! அவளோடு மேலும் நான்கு பேர் விடுபட்டிருந்தனர். கணித ஆசிரியரான நானே செய்த பிழை இது.

பிழை எங்கே? சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டால், அது எத்தனை பேருடைய சராசரி என்பது தொலைந்துவிடுகிறது. எங்கள் தாம்பரம் மாநகராட்சியையே பாருங்கள். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்து உருவானது. 2011 கணக்கெடுப்பின்படி பல்லாவரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர், அனகாபுத்தூரில் 50 ஆயிரத்துக்கும் குறைவானோர். இவ்விரு ஊர்களின் எழுத்தறிவு விழுக்காட்டைக் கூட்டி இரண்டால் வகுத்தால் சரியான விடை கிடைக்குமா?

இதே சிக்கல் கணினி உலகிலும் உண்டு. ஒரே கணினியில் அடங்காத தரவைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுத்து, விடைகளைப் பின்னர் இணைக்கிறார்கள். 2004இல் கூகுளின் ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் வெளியிட்ட 'மேப்ரெடியூஸ்' முறை இத்தகையது. ஒவ்வொரு கணினியும் தன் பங்கை முன்கூட்டியே சுருக்கி அனுப்பலாம். ஆனால் அந்தச் செயல் பரிமாற்றுப் பண்பும் சேர்ப்புப் பண்பும் உடையதாக இருக்க வேண்டும். ஆம், ஆறாம் வகுப்பில் நாம் நடத்தும் அதே பண்புகள்தான்! அவை இருந்தால் எந்தக் கணினி முதலில் முடித்தாலும், எந்த வரிசையில் இணைத்தாலும் விடை மாறாது.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம். 2, 4, 9 ஆகியவற்றின் சராசரி 5. முதலில் 2, 4 இவற்றின் சராசரி 3. அதையும் 9ஐயும் சேர்த்தால் 6. மாறாக 4, 9 இவற்றின் சராசரி 6.5, அதையும் 2ஐயும் சேர்த்தால் 4.25. சராசரி காண்பதற்குச் சேர்ப்புப் பண்பு இல்லை என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

கூட்டலுக்கு அப்பண்பு உண்டு. எனவே ஒவ்வொரு பிரிவும் எண்ணிக்கை, கூடுதல், வர்க்கங்களின் கூடுதல் ஆகிய மூன்றை மட்டும் தந்தால் போதும். பிரிவு, பள்ளி, ஒன்றியம், மாவட்டம் என எந்த நிலையிலும் அவற்றைக் கூட்டி, சராசரியோடு பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் திட்ட விலக்கத்தையும் கண்டுவிடலாம். ஒருமுறை அமைத்த படிவம் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

பெரும மதிப்பும் இப்படி இணையும். 2015 டிசம்பர் பெருமழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. இரண்டில் பெரியது எது என்று பார்த்தாலே போதும். இடைநிலை அளவு அப்படியன்று. அதற்கு மதிப்பெண் பட்டியல் முழுவதும் வேண்டும்.

இப்போது எங்கள் மதிப்பெண் பதிவேட்டில் சராசரிக்கு முன்பாக அந்த மூன்று கட்டங்களும் உள்ளன. விடுபட்ட ஐவரும் மறுநாளே மாலை வகுப்புக்கு வந்துவிட்டனர்.