பேணுபவரின் நலம்

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் முதுமையின் இயல்பன்று. மூளை அணுக்கள் பழுதுறுவதால் உண்டாவது. நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டென 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இவர்களைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரே பேணுகின்றனர்.

சித்தூரில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். உண்டு முடித்த முதியவர், "இன்னும் சோறு போடவில்லையே" என்கிறார். அரை மணிக்கொரு முறை அதையே கேட்கிறார். நள்ளிரவில் எழுந்து தெருக்கதவைத் திறக்கிறார். மருமகள் ஒருநாள் கடிந்து கத்திவிட்டு, பின்னர் அதை எண்ணி அழுகிறாள். இது குணக்கேடன்று, உறக்கமின்மை விளைக்கும் களைப்பே. ஓயாத தலைவலி, பசியின்மை, காரணமற்ற எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகளாகலாம். சினம் மூள்வதை உணர்ந்ததும், முதியவருக்குத் தீங்கு நேராதவாறு பார்த்துக்கொண்டு, சற்று அப்பால் செல்வது நலம். வாரத்தில் சில மணி நேரமேனும் உறவினர் ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். அறிவுரை கூற மட்டும் வரும் உறவினரால் பயனில்லை.

முதியவரைத் திருப்பதி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில், அவள் தன் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து, தெலுங்கிலோ தமிழிலோ பேசலாம். அவ்வீட்டிற்குச் செல்லும் களப்பணியாளர், நோயாளியைப் பற்றி விசாரித்தபின், "அம்மா, நேற்றிரவு நீங்கள் எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்?" என்றும் கேட்டுக் குறித்துக்கொள்வாராக.