பிரஷரும் சிறுநீரகமும்

பிரஷர் கூடினால் இதயத்துக்கு ஆபத்து என்பதை அறிவோம். அந்தப் பிரஷரைச் சீராக வைப்பதில் சிறுநீரகத்துக்கும் பெரும் பங்குண்டு என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

இரத்த அழுத்தம் குறையும்போது சிறுநீரகம் 'ரெனின்' என்னும் நொதியத்தை இரத்தத்தில் விடுகிறது. முயலின் சிறுநீரகத்தை ஆராய்ந்து இதனை 1898இல் உலகுக்கு அறிவித்தவர்கள் ஸ்டொக்ஹோமில் பணியாற்றிய டிகர்ஸ்டெட், பேர்க்மன் ஆகிய இருவர். ஈரலில் உருவாகும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, இன்னொரு நொதியம் அதனை 'அஞ்சியோடென்சின் 2' ஆக்குகிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். அழுத்தம் உயர்ந்ததும் ரெனின் குறையும். அல்லாஹ் வைத்த அளவு எத்தனை நுட்பமானது!

இவ்வொழுங்கு பிசகினால் பிரஷர் இறங்காது. எனலாப்ரில், லொசாட்டன் போன்ற குளிசைகள் இந்தத் தொடரையே தடுக்கின்றன. ஆனால் கர்ப்பிணி இவற்றை எடுத்தால் வயிற்றிலுள்ள சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். எனவே உம்மாவின் குளிசையை மகள் விழுங்க வேண்டாம். இவற்றைப் பாவிப்பவர் கர்ப்பமுற்றால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தலையிடி இல்லையே என்று குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோன்பு காலத்தில் எவ்வேளையில் எடுப்பது என்பதையும் முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம் அல்லவா?